மூலை அச்சு

ஓய்வூதியம் வாங்குகிறவன் வருடத்துக்கு ஒருமுறை தான் உயிரோடு இருப்பதை எழுத்தில் நிரூபிக்க வேண்டும். படிவத்தை நிரப்பிக்கொண்டு சமாதான நீதவானிடம் போவேன். அவர் என்னை மேலும் கீழும் பார்ப்பார், ஒப்பமிடுவார், முத்திரை குத்துவார். அது மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரிக்குப் போகும். அதே கச்சேரியில் முப்பத்தைந்து வருடம் உட்கார்ந்து மற்றவர்கள் உயிரோடு இருப்பதைச் சரிபார்த்துக் காகிதக் கோவையில் இட்டவன் நான். எந்த வரியில் எவர் தவறு விடுவார் என்று எனக்குத் தெரியும். திகதி எழுத வேண்டிய இடத்தில் வயதை எழுதுவார்கள். சாட்சி ஒப்பமிட வேண்டிய இடத்தில் தாங்களே ஒப்பமிடுவார்கள்.

அந்தப் படிவத்தைக் கையில் எடுக்கிறபோதெல்லாம் அக்காவுக்காக நான் எழுதிய அத்தாட்சி நினைவுக்கு வரும். அதற்குப் படிவம் இருக்கவில்லை. நானே வாசகம் அமைத்தேன். என் உத்தியோக காலத்தில் நான் எழுதிய பத்திரங்களில் பிழை இல்லாதது அதுதான். பயன் இல்லாததும் அதுதான்.

அக்கா என்னைவிட மூன்று வயது மூத்தவள். மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் படித்து அங்கேயே கீழ் வகுப்புக்கு ஆசிரியையாக இருந்தாள். அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு வெள்ளைக்காரி இருந்தாள். எல்லோரும் மிசியம்மா என்பார்கள். யேசு பிறந்த நத்தார் பண்டிகையின் விற்பனைக்காகப் பெண்பிள்ளைகளுக்கு வாழ்த்து அட்டை செய்யப் பழக்கியவள் அவள். சுகமில்லாமல் சீமைக்குத் திரும்பியபோது தன்னுடைய வெட்டு அச்சுகளை ஒரு பிஸ்கற் தகரத்தில் போட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போனாள். எட்டு அச்சுகள். மணி, நட்சத்திரம், புறா, ஒரு வளைந்த கொடி, மூன்று அளவில் வட்டங்கள், பிறகு விளிம்பெல்லாம் முள்ளாக ஓர் இலை.

வேலை பார்வைக்குச் சுலபம். முதிரைக் கட்டையின் மேல் ஈயத் தகடு. தகட்டின் மேல் அட்டை. அட்டையின் மேல் அச்சை நிறுத்திக் கொட்டாப்புளியால் ஓர் அடி. ஒரே அடி. இரண்டாவது அடி அடித்தால் அச்சு மயிரளவு நகர்ந்து விளிம்பு இரட்டித்துவிடும். அச்சின் வாயில் தேன்மெழுகு பூசாவிட்டால் வெட்டின துண்டு உள்ளே இறுகி, ஊசியால் கிண்டிக் கிண்டி எடுக்க வேண்டிவரும். கச்சான் காற்றடிக்கிற மாதங்களில் அட்டை உலர்ந்து நறுக்கென்று வெட்டுப்படும். வாடையில் வாவியின் ஈரம் தாளுக்குள் இறங்கிவிடும். அச்சு வெட்டாது, மெல்லும். நத்தார் வருவதோ வாடையில். ஆகையால் அக்கா ஆனி ஆடியிலேயே வெட்டி முடித்து, வெட்டியவற்றைத் தகரத்தில் அடைத்து வைப்பாள். மணிக்கு வெள்ளி மினுக்கம் வேண்டுமென்றால் தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் ஈயத்தாளை உரித்து, கரண்டியின் பின்புறத்தால் தேய்த்து மட்டமாக்குவாள். ஒட்டுகிற பசையில் துரிசு கலப்பாள், பூச்சி அரிக்காமல்.

இவ்வளவும் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவளுக்கு ஒழுங்குமுறை எழுதிக் கொடுத்தவன் நான்தான். அவள் செய்வதைப் பக்கத்தில் இருந்து பார்த்து, இலக்கமிட்டு, பதினான்கு படிகளாக ஒரு தாளில் எழுதிச் சுவரில் மாட்டினேன். அவள் அதை ஒருநாளும் பார்த்ததில்லை. கை சும்மா இருக்கும்போது அதை இறக்கி, அதன் ஓரத்தில் நட்சத்திர அச்சைப் பரீட்சை செய்திருந்தாள்.

எங்கள் வீடு கல்லடியில், வாவிக்கரையில். எங்கள் வீடு என்கிறேன். அது அக்காவின் வீடு. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான் போகும். மாப்பிள்ளை வந்து அந்த வீட்டில் குடியேறுவார். ஆண்பிள்ளை தனக்கு ஒரு வீடு வாய்க்கும்வரை தாய்வீட்டில் ஒரு தற்காலிக உத்தியோகத்தன். அப்பா இறந்தபின் என் கடமை ஒன்றே: அக்காவுக்கு ஒரு மாப்பிள்ளை கொண்டுவந்து உள்ளே விட்டு, நான் வெளியே போவது. அவளுக்கு இருபத்தேழு வயதாகியும் அந்தக் கடமை நிலுவையில் கிடந்தது.

முப்பதுகளின் நடுவில், ஓர் ஆனி மாதம், சம்பந்தம் ஒன்று வந்தது. படுவான்கரைப் பையன்; வாவிக்கு அந்தப் பக்கம். நீர்ப்பாசனப் பகுதியில் ஓவசியர். காட்டுக்குள் எங்கோ உடைந்த குளக்கட்டைத் திருத்திக்கொண்டிருந்தார். தகப்பன் இல்லை. தாயும், தாயின் அண்ணனும். அந்த மாமன்காரர் ஒரு போடியார். பெரிய வட்டை ஒன்று முழுவதும் அவருடைய வயல். பேச்சைத் தொடங்குவதும் முடிப்பதும் அவர்தான்.

பெண் பார்க்க வந்த அன்று வெட்டி முடித்த அட்டைகள் மேசையில் காய்ந்துகொண்டிருந்தன. அம்மா எடுக்கச் சொல்லியும் நான் எடுக்கவில்லை. பெண்ணின் திறமை தெரியட்டும் என்று விட்டிருந்தேன். ஓவசியர் ஒன்றைக் கையில் எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது கழுதைமுள்ளி எல்லோ?” என்றார்.

வாவியோரத்துச் சேற்றில் கண்டல் மரங்களுக்கு அடியில் கிடக்கும் முள்ளுச்செடி அது. மாடும் தின்னாது. மிசியம்மாவின் முள்ளிலை அச்சு அப்படியே அதன் இலைதான். நான் அவருக்கு விளக்கினேன்: அது சீமையில் பனிக்காலத்தில் வளரும் ஒரு செடி, நத்தாருக்கு வெள்ளைக்காரர் வீடுகளில் அதைத் தொங்கவிடுவார்கள், மதிப்பான இலை, கழுதைமுள்ளி அல்ல. அவர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

“அப்ப துரைமாருக்கும் கழுதைக்கும் ஒரே முள்ளுத்தான்.”

அறைக்குள்ளிருந்து அக்கா சிரித்தாள். சத்தமாக. பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் சிரிப்பதா என்று அம்மாவின் முகம் போன போக்கை நான் பார்த்தேன். போடியார் தொண்டையைச் செருமினார். ஓவசியர் மட்டும் அந்த அட்டையை மடியாமல் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அவ்வளவுதான் அவர்களுக்குள் நடந்த பேச்சு. ஆனால் அன்றைக்குப் பிறகு அக்கா எதை வெட்டினாலும் ஓர் ஓரத்தில் கழுதைமுள்ளி இலை ஒன்று இருக்கும். நான் அதைப் பற்றிக் கேட்கவில்லை. முன்னர் வந்த மூன்று சம்பந்தங்களுக்கும் “நீங்க பாத்துச் செய்யுங்க” என்று சொன்னவள், இந்த ஒன்றுக்கு, “குளக்கட்டு வேலை எப்ப முடியுமாம் தம்பி?” என்று இரண்டு தரம் கேட்டாள்.

கல்யாணம் ஆவணியில் என்று நாள் வைத்தார்கள். அழைப்பு அட்டையைத் தானே செய்கிறேன் என்றாள் அக்கா. அந்தக் காலத்தில் எங்கள் பகுதியில் கல்யாணத்துக்கு அட்டை அடிப்பதில்லை. பித்தளை வட்டாத் தட்டில் வெற்றிலை வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்ச் சொல்ல வேண்டும். வெற்றிலையும் வைப்போம், அட்டையும் கொடுப்போம் என்று நான் தீர்மானித்தேன். வாசகத்தை ஆங்கிலத்தில் அமைத்தேன். ஏன் ஆங்கிலம் என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. கச்சேரிக் கிளாக்கரின் அக்காவுக்குக் கல்யாணம் என்றால் அது ஆங்கிலத்தில்தான் நடக்கும் என்று நான் நினைத்தது போலவே அவர்களும் நினைத்திருக்க வேண்டும்.

அக்கா மாதிரிக்கு ஒன்று செய்தாள். மேலே ஈயத்தாளில் இரண்டு மணி, கீழே கழுதைமுள்ளிக் கொடி, நடுவில் என் கையெழுத்தில் வாசகத்துக்கு இடம். அழகாகத்தான் இருந்தது. எதையும் பரீட்சிக்காமல் நடைமுறைப்படுத்தக் கூடாது என்பது என் கொள்கை. அதை உறையில் இட்டு என் சொந்தப் பெயருக்கே தபாலில் போட்டேன். இரண்டு நாளில் கச்சேரிக்கு வந்து சேர்ந்தது. பிரித்தால் இரண்டு மூலைகள் மடிந்து, ஒன்று நைந்திருந்தது. தபால் சாக்கில் அட்டைக்கு முதலில் அடிபடுவது மூலைதான்.

“மூலை இருந்தால்தானே மடியும்?” என்றேன் அக்காவிடம்.

“மூலை இல்லாம எப்பிடி?”

“வெட்டிவிடுவோம். அழகாய். சரிகைபோல.”

நகரத்தில் ஒரு தட்டாரிடம் போனேன். பழுதான கிராமபோன் ஒன்றின் வில்லுச் சுருளைக் கொடுத்து, காகிதத்தில் வரைந்து காட்டினேன்: கால் வட்டம், அதன் விளிம்பில் அலை, உள்ளே ஏழு சிறு துளைகள். அவர் வரைபடத்தையும் என்னையும் பார்த்தார்.

“கலியாண வீட்டுக்காரர் தாலி செய்யத்தான் என்னட்ட வருவாங்க. நீங்க கடுதாசியைக் கடிக்கிறதுக்குப் பல்லுச் செய்யச் சொல்றீங்க.”

“முடியுமா, முடியாதா?”

“முடியாம என்ன. எலி செய்யிற வேலைதானே.”

செய்தார். நீலம் பாய்ந்த எஃகில், கைக்கு அடக்கமாக. மிசியம்மாவின் எட்டு அச்சுகளும் அதற்குப் பக்கத்தில் முரடாகத் தெரிந்தன. அக்கா முதல் மூலையை வெட்டி வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தாள். ஏழு துளைகளுக்குள்ளாலும் வாவி தெரிந்தது. “தம்பி, இது எனக்கு வச்ச கண்,” என்றாள். அவள் என்னைப் பாராட்டியது அந்த ஒருமுறைதான்.

அறுபது அட்டைகளுக்கும் மூலை வெட்டி முடிகிற சமயத்தில் அம்மா மஞ்சள் கரைத்துக்கொண்டு வந்து நின்றாள். நல்ல காரியத்துக்குப் போகிற கடுதாசி என்றால் நான்கு மூலைக்கும் மஞ்சள் பூச வேண்டும்.

“மூலை எங்க?” என்றாள்.

“வெட்டியாச்சு அம்மா.”

“வெட்டினா மஞ்சளை எங்க பூசுற?”

“நடுவில் பூசுங்கள்.”

“நடுவில பூசுறது கோயில் உண்டியலுக்கு. மூலை கிள்ளின கடுதாசி என்னத்துக்குப் போறதெண்டு தெரியாதா மகன் உனக்கு?”

எனக்குத் தெரியும். எங்கள் பக்கத்தில் சாவுச் செய்தி எழுதினால் கடுதாசியின் ஒரு மூலையைக் கிள்ளிவிட்டு அனுப்புவார்கள். கையில் வாங்கியவர் மூலை இல்லாததைக் கண்டதும் அதை வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டார். வாசலிலேயே நின்று யார் என்று அறிந்து, கிழித்துப் போட்டுவிட்டு, தலை முழுகுவார். எழுத்துத் தெரியாதவர்களுக்கும் தபால் பயன்பட வேண்டும் என்பதற்காக யாரோ ஒரு கெட்டிக்காரன் ஏற்படுத்திய ஒழுங்கு. நான் அம்மாவுக்கு விளக்கினேன்: கிள்ளுவது வேறு, அச்சில் வெட்டுவது வேறு; ஒரு மூலை வேறு, நான்கு மூலை வேறு; கண்ணுள்ளவன் எவனும் இரண்டையும் குழப்ப மாட்டான். அம்மா அக்காவைப் பார்த்தாள். அக்கா அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வடிவாத்தானே அம்மா இருக்கு,” என்றாள்.

அம்மா மஞ்சள் கிண்ணத்தோடு திரும்பிப் போனாள்.

வருகிற வெள்ளிக்கிழமை நல்ல நாள். அன்றைக்குத் தோணியில் அக்கரை போய் மாப்பிள்ளை வீட்டுக்கு முதல் வெற்றிலை வைப்பது என்று ஏற்பாடு. அதற்கு முன்பே, செவ்வாய்க்கிழமை, அவர்களுக்கு ஓர் அட்டையை நான் தபாலில் சேர்த்தேன். மாப்பிள்ளை வீட்டுக்கு எதற்கு அழைப்பு என்று கேட்பீர்கள். சம்பந்தப்பட்ட சகலருக்கும் பிரதி அனுப்புவது முறை. பெறுநர் நிரலில் முதல் இலக்கம் அவர்கள். தகவலுக்காக.

அதன் பிறகு அக்கரையில் நடந்ததை, பின்னொரு காலத்தில் அந்த ஊர்ப் பெண்ணொருத்தி சொல்லி அறிந்தேன். அந்த ஊருக்குத் தபால்காரன் இல்லை. கடிதங்கள் ஊர்த் தலைவரான விதானையார் வீட்டுக்கு வந்து, அவ்வழியே போகிற யார் கையிலாவது சேரும். எங்கள் உறையைக் கொண்டுபோனவன் ஒரு வண்டிக்காரன். மாப்பிள்ளையின் தாய் முற்றத்தில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தாளாம். கிளாக்கர் வீட்டுக் கடுதாசி என்று அவன் சொன்னதும் சந்தோஷமாகக் கையைத் துடைத்துவிட்டு உறையைக் கிழித்திருக்கிறாள்.

முதலில் மூலை. பிறகு மணி. அந்த ஊரில் மணி படம் போட்ட எதையும் பார்த்தவர் இல்லை. நகரத்து மிஷன் கோயிலில் பிரேதம் எடுக்கும்போது மணி அடிப்பதைக் கேட்டவர்கள் இருந்தார்கள். பிறகு எழுத்து.

“இங்கிலிசு,” என்றானாம் வண்டிக்காரன். “தந்தி மாதிரி.”

இங்கிலிசில் அந்த ஊருக்கு அதுவரை வந்தவை தந்திகள் மட்டுமே. தந்தி வந்து யாரும் பிறந்ததில்லை.

“ஆரெண்டு வாசிக்க ஏலாதாடா?”

“என்னத்தை வாசிக்க? ஒரு மூலை போனா ஒரு ஆள். இதில நாலும் போயிருக்கு.”

“அந்த வீட்டில இருக்கிறதே மூணு பேர்தானே.”

“நாய் ஒண்டு நிண்டுதே.”

கொள்ளை நோய் என்று முடிவு செய்தார்கள். தபாலில் வந்ததால் அடக்கமும் முடிந்திருக்கும். வாசலிலேயே அட்டையைக் கிழித்தார்கள். போடியார் வந்தார், கேட்டார், மேல்துண்டை அவிழ்த்தார். குடும்பத்தில் அத்தனை பேரும் போய் வாவியில் தலை முழுகினார்கள். ஓவசியர் மட்டும் காட்டில் இருந்தார். ஊரில் ஓர் ஆங்கில எழுத்தாவது வாசிக்கக்கூடியவர் அவர் ஒருவர்தான்.

வெள்ளிக்கிழமை காலை. அம்மா வட்டாவைப் புளி போட்டுத் துலக்கி, வெற்றிலை அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் கச்சேரிக்கு அரைநாள் விடுமுறை எழுதிக் கொடுத்துவிட்டு வேட்டி மாற்றிக்கொண்டிருந்தேன். துறைப் பக்கம் பெண்கள் அழுகிற சத்தம் கேட்டது. ஒரு தோணி நிறைய வெள்ளைச் சேலை. இறங்கும்போதே மாரடித்துக்கொண்டு இறங்கினார்கள். அக்கம்பக்கத்தில் யாருக்கோ என்ன ஆயிற்றோ என்று நான் வாசலுக்கு வந்தேன். அவர்கள் எங்கள் படலையைத் திறந்தார்கள். முன்னால் வந்தவள் மாப்பிள்ளையின் தாய். பாட்டு அக்காவைப் பற்றியது. வாசலுக்கு வராத மருமகள், பூ வைக்காத கூந்தல், கட்டிலேறாத பாய் என்று அடுக்கிக்கொண்டு வந்தார்கள். என்னைக் கண்டதும், ஒருவனாவது மிஞ்சினானே என்று அந்தப் பெண்மணி என் கழுத்தைக் கட்டிக்கொண்டு இன்னும் பெரிதாக அழுதாள்.

பின்கட்டிலிருந்து அக்கா வந்தாள். விரலெல்லாம் பசை. ஒரு கையில் பாதி ஒட்டிய அட்டை. அழுகிறவர்களைப் பார்த்ததும் அவள் முகமும் அழத் தயாரானது.

“ஆரு மாமி செத்த?” என்று கேட்டாள்.

அந்தப் பெண்மணி என் தோளுக்கு மேலாக அவளைப் பார்த்தாள். பாட்டு ஒவ்வொரு வாயாக நின்றது.

“நீதான் மகள்,” என்றாள்.

பிறகு என் கழுத்திலிருந்து கையை எடுத்து, தன் ஈரத் தலையைத் தொட்டுப் பார்த்தாள். “ஐயோ, நான் முழுகித்தனே,” என்றாள். அந்த அழுகைதான் அன்றைக்கு உண்மையான அழுகை.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் போடியாரின் வாய்க்கும் என் வாய்க்கும் இடையில் நடந்தது. பெண்களுக்குப் பின்னால் தோணியிலிருந்து இறங்கி வந்தவர் படியேறவில்லை. முற்றத்திலேயே நின்றார். நான் விளக்கினேன். மூலை ஏன் வெட்டப்பட்டது, தபால் சாக்கு, பரீட்சை, தட்டார், எல்லாம் வரிசையாக. மீதி அட்டைகளைக் கொண்டுவந்து காட்டினேன். அறுபதையும் மூலையோடு புதிதாகச் செய்து தருவோம் என்றேன்.

“தம்பி,” என்றார், “நீ படிச்சவன். எங்கட ஊரில ஒருத்தனை வேண்டாமெண்டு அடியோட விட்டா என்னண்டு சொல்லுவம்?”

எனக்குத் தெரியும். தலை முழுகிவிட்டேன் என்று சொல்வோம்.

“குடும்பத்தோட முழுகித்தம். முழுகின தலைக்கு மறுகா பூ வைக்க ஏலா.”

“அது தவறான தகவலின் பேரில் செய்தது. தவறான தகவலின் பேரில் செய்த எதுவும் செல்லாது.”

“கச்சேரியில செல்லாது. தண்ணியில செல்லும்.”

தோணி திரும்பிப் போயிற்று. வட்டாவில் வெற்றிலை அப்படியே இருந்தது. அக்கா கையில் இருந்த பாதி அட்டையின் மற்றப் பாதியையும் ஒட்டி முடித்தாள். பசை காய்ந்துவிடும் என்பதால் இருக்கலாம்.

மூன்று கிழமை கழித்து ஓவசியர் கச்சேரிக்கு வந்தார். மனுக்காரர்களின் வரிசையில் நின்று, தன் முறை வந்தபோதுதான் என் மேசைக்கு முன்னால் வந்தார். அதற்கு முந்திய சந்திப்பில் என்னை மச்சான் என்றவர்.

“ஐயா,” என்றார். “அம்மா சாப்பிடாமக் கிடக்கிறா. மாமா பேசுறதுக்கே விடுறாரில்லை. இதுக்கு ஒரு சட்டம், ஒரு கடுதாசி, ஏதும் இல்லையா? செத்ததெண்டு பிழையாப் பதிஞ்சா மாத்தலாம்தானே?”

“பதிந்திருந்தால் மாற்றலாம். சத்தியக்கடதாசியும் இரண்டு சாட்சிகளும் போதும். இது பதியப்படவே இல்லை. பதியாததை எப்படித் திருத்துவது?”

அவர் சட்டைப் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து என் மேசையில் வைத்தார். ஆனியில் எடுத்துப் போன அதே கழுதைமுள்ளி அட்டை. காட்டில் வியர்வை பட்டுப் பழுப்பேறியிருந்தது.

“இதில மூலை எல்லாம் சரியாத்தானே இருந்தது,” என்றார்.

குற்றம் சாட்டுகிற குரலில்லை. உண்மையாகவே விளங்காமல் கேட்கிற குரல். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. ஏதாவது செய்கிறேன் என்றேன். அட்டையைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்.

செய்தேன். இன்னார் மகள், இன்ன ஊர், இன்ன வயது, இன்ன அங்க அடையாளம்; மேற்படியாள் இன்றைய தினம் எமது முன்னிலையில் உயிரோடும் சுகத்தோடும் தோன்றினார்; முன்னர் அனுப்பப்பட்ட பத்திரம் எவ்விதத்திலும் மரணத்தை அறிவிப்பதாகக் கொள்ளப்படலாகாது. இம்முறை தமிழில் எழுதினேன். அக்காவை ஒரு சமாதான நீதவான் முன்னால் கூட்டிப்போய் நிறுத்தினேன். அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். “இந்த வயதிலேயே பென்சனா?” என்று கேட்டார். அக்கா தலையைக் குனிந்துகொண்டு ஒப்பமிட்டாள். நான்கு மூலைக்கும் அம்மா தன் கையால் மஞ்சள் பூசினாள். விதானையார் மூலமாக முறைப்படி அனுப்பினேன்.

பத்து நாளில் அது திரும்பி வந்தது. கடைசியில் விதானையார் குறிப்பு எழுதியிருந்தார். போடியார் வாசிக்கக் கேட்டார் என்றும், அவருடைய மறுமொழியை அப்படியே எழுதச் சொன்னார் என்றும்: “அந்தப் புள்ள உசிரோட இருக்கிறது எங்களுக்குத் தெரியும். அதுதானே கரைச்சல்.”

போடியாருக்கு ஒரு மகள் இருந்தாள். மாமன் மகள், முறைப்பெண். தை மாதத்தில் ஓவசியருக்கும் அவளுக்கும் கல்யாணம் நடந்தது. இதைப் பதிவுக்காக மட்டும் சொல்கிறேன். போடியார் அந்தத் தை மாதத்தை நினைத்துத்தான் ஆவணியைத் தலைமுழுகினார் என்று நிரூபிக்க என்னிடம் ஆவணம் எதுவும் இல்லை. இருந்திருந்தாலும், அவருடைய கையில் அந்தக் காரணத்தைக் கொடுத்தவன் நான்.

அக்காவுக்கு வேறு சம்பந்தம் வரவில்லை. தனக்கே ஒப்பாரி வைக்கப்பட்ட பெண்ணை யார் எடுப்பார்கள்? கேலியாக, பகிடியாக எடுத்தவர்கள் இருந்தார்கள். கிணற்றடியில் ஒருத்தி, “என்னகா, செத்தாளுக்கும் தண்ணி விடாய்க்குமா?” என்று கேட்டதை அக்கா வந்து சிரித்துக்கொண்டே சொன்னாள். இன்னொருத்தி, “உனக்குப் படிச்ச ஒப்பாரி மாதிரி எனக்கு ஆரு படிக்கப்போறாங்க” என்று உண்மையாகவே பொறாமைப்பட்டாளாம். பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகள் அவள் நிழல் விழுகிறதா என்று பார்த்தார்கள். ஒரு வருடத்தில் அந்த வேலையை விட்டாள்.

அட்டை செய்வதை விடவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவள் செய்த ஒவ்வொன்றுக்கும் நான்கு மூலையையும் வெட்டினாள். துரைமார் வீடுகளில் அதை விரும்பினார்கள். கச்சேரிக்குத் தலைவரான ஏசண்டுத் துரையின் மனைவி, சீமையில்கூட இவ்வளவு நுட்பமான மூலை கிடைக்காது என்று சொல்லியனுப்பினாள். அதை நான் அக்காவிடம் சொன்னபோது, “நீ குடுத்த அச்சுத்தானே தம்பி,” என்றாள். அவள் குரலில் ஏதாவது இருக்கிறதா என்று அன்றைக்கும் தேடினேன், அதற்குப் பிறகும் தேடியிருக்கிறேன். அச்சை மெழுகிட்டு, எண்ணெய்த் துணியில் சுற்றி வைப்பாள். மிசியம்மாவின் அச்சுகள் மழுங்கிப்போன பிறகும் அது மழுங்கவில்லை. வில்லுச்சுருளின் எஃகு அப்படி. முள்ளிலை அச்சை அவள் மீண்டும் எடுத்ததை நான் காணவில்லை.

இடையில் எனக்கும் ஒரு வீடு வாய்க்குமா என்று அம்மா பேசத் தொடங்கினாள். அக்காவைத் தனியே விட்டு வெளியேறுவது முறையல்ல என்று மறுத்தேன். நல்ல பிள்ளை என்று ஊர் சொன்னது. கேட்கச் சகிக்கவில்லை, ஆனால் மறுத்து அறிக்கை விடவும் முடியாது.

யுத்தம் வந்தது. அட்டை கிடைக்கவில்லை. கச்சேரியில் கழித்துவிட்ட கோவை உறைகளைக் கழிவுப் பட்டியலில் ஏற்றி, அனுமதி பெற்று, அவளுக்குக் கொண்டுவந்து கொடுத்தேன். பழைய காணி வழக்குகளின் முதுகில் அவள் புறாவும் நட்சத்திரமும் வெட்டினாள். வாங்குவார் இல்லை. துரைமாரில் பாதிப்பேர் போய்விட்டார்கள். வெட்டி அடுக்கினாள். வாடையிலும் வெட்டினாள், தாள் மெல்லப்பட்டுக் கிழிந்தது, கிழிந்ததையும் அடுக்கினாள்.

ஒரு மார்கழியில் காய்ச்சல் வந்தது. நகரத்து ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்தாள். காய்ச்சல் மருந்தான கொயினா கிடைக்கவில்லை, கிடைத்தபோது அது தேவைப்படவில்லை. மரணத்தை நானே பதிவு செய்தேன். பதிவாளர் என் நண்பர். எல்லா விபரங்களையும் ஒருமுறை வாசித்துக் காட்டினார். சரி என்று ஒப்பமிட்டேன்.

அன்று பின்னேரம் உறவினருக்கும் அறிந்தவர்களுக்கும் எழுத உட்கார்ந்தேன். ஒரே வாசகம், தமிழில். தன்னாமுனையில் ஒரு சிநேகிதி, களுதாவளையில் அம்மாவின் தங்கை, இன்னும் சிலர். எழுதி முடித்து ஒவ்வொன்றின் மூலையையும் கிள்ள வேண்டும். அக்காவின் தகரத்தைத் திறந்து எண்ணெய்த் துணியை அவிழ்த்தேன். அச்சைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, திரும்பச் சுற்றி வைத்தேன். நகத்தால் கிள்ளினேன். கோணலாகத்தான் வந்தது. அப்படித்தான் வர வேண்டும்.

நிரலில் கடைசி இலக்கம் படுவான்கரை. ஓவசியருக்கு அப்போது மூன்று பிள்ளைகள் என்று கேள்வி. உறையில் விலாசம் எழுதி, முத்திரையும் ஒட்டிவிட்டேன். கடிதத்தின் மூலையில் விரலை வைத்தபடி, அம்மாவிடம் கேட்டேன்.

“அக்கரைக்கும் ஒண்டு போடவா அம்மா?”

அம்மா சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சுவரில் மாட்டியிருந்த என் பதினான்கு படிகள் அவள் தலைக்கு மேலே இருந்தன, ஓரத்தில் நட்சத்திர ஓட்டைகளோடு.

“அவங்களுக்குத்தான் முதலே அனுப்பித்தமே மகன்,” என்றாள்.

உறையை எடுத்து ஓரமாக வைத்தேன். நிரலில் அந்த இலக்கத்துக்கு எதிரே, ஏற்கெனவே அனுப்பப்பட்டது என்று எழுதி, சுருக்கொப்பம் இட்டேன்.